பிரிண்டைத் திருப்பிப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒரே நெகட்டிவில் இருந்து போட்ட இரண்டு பிரிண்ட்களில் ஒன்றை மட்டும் ‘விண்டேஜ்’ என்று சொல்லிப் பல மடங்கு விலை கேட்கிறார்கள். படம் ஒன்றுதானே?

பதில்: படம் ஒன்றுதான், பிரிண்ட் ஒன்றல்ல. படம் எடுத்த சில ஆண்டுகளுக்குள் புகைப்படக் கலைஞரே போட்டதை, அல்லது அவர் மேற்பார்வையில் போட்டதைத்தான் விண்டேஜ் என்பார்கள். எத்தனை ஆண்டு என்பதில் ஆளுக்கொரு கணக்கு உண்டு.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-ல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தில் எடுத்த நிலவுப் படத்தைப் பாருங்கள். முதலில் போட்ட பிரிண்ட்களில் வானம் வெளிறியிருக்கும். மேகக் கீற்றுகள் நன்றாகத் தெரியும். 1948-ல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை ரசாயனத்தில் நனைத்து அடர்த்தி கூட்டினார். அப்புறம் போகப்போக வானத்தை இருட்டிக்கொண்டே வந்தார். 1970-களில் போட்டவற்றில் அது ஏறக்குறைய முழுக் கறுப்பு. அந்த ஒரு நெகட்டிவில் இருந்து 1,300-க்கும் மேல் போட்டிருக்கிறார். ஆரம்பகால பிரிண்ட்கள் கொஞ்சமே இருப்பதால் அவற்றுக்குத்தான் சந்தையில் மதிப்பு. எனக்குப் பிடித்தது அந்தக் கறுப்பு வானம்தான். தன் நெகட்டிவோடு முப்பது ஆண்டு மல்லுக்கட்டிய ஒருவர் கடைசியில் எங்கே வந்து நின்றார் என்பது அதில் இருக்கிறது.

ஆகவே விண்டேஜ் என்ற ஒரு சொல்லுக்காகப் பணம் கொடுக்காதீர்கள். யார் போட்டது, எப்போது போட்டது என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். இன்னொரு அமெரிக்கப் புகைப்படக் கலைஞரான எட்வர்ட் வெஸ்டனின் நெகட்டிவ்களில் இருந்து அவர் மகன் கோல் போட்ட பிரிண்ட்களும் அருமையானவைதான். தந்தை கையால் போட்டது என்று நினைத்து அந்த விலை கொடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கேள்வி: 1930-களில் போட்டது என்று ஒரு கறுப்பு வெள்ளை பிரிண்ட் விலைக்கு வந்திருக்கிறது. பின்பக்கம் முத்திரையும் கையெழுத்தும் உள்ளன. நம்பி வாங்கலாமா?

பதில்: முத்திரையையும் கையெழுத்தையும் கடைசியில் பாருங்கள். ஒரு பிரிண்ட் கைக்கு வந்ததும் நான் சன்னலோரம் கொண்டுபோய், வெளிச்சம் அதன்மேல் சரிந்து விழும்படி சாய்த்துப் பிடிப்பேன். நேராகப் பார்க்கையில் தெரியாத கீறல், மடிப்பு, விரல் ரேகை எல்லாம் அப்போது எழும்பி வரும். நெகட்டிவில் இருந்த தூசியால் விழுந்த வெள்ளைப் புள்ளிகளை மெல்லிய தூரிகையால் சாயம் தொட்டு மறைப்பது டார்க்ரூம் வழக்கம். பளபளப்பான தாளில் அந்த இடங்கள் சற்று மங்கலாகத் தெரியும். அது குறையல்ல, ஒருவர் உட்கார்ந்து செய்த வேலை. எனக்கு அதைப் பார்த்தாலே மகிழ்ச்சி. ஓரங்களிலும் அடர்ந்த நிழல்களிலும் நீலம் கலந்த வெள்ளி மினுமினுப்பு படர்ந்திருந்தால், படத்தின் வெள்ளி நாள்பட மேலே வந்திருக்கிறது என்று பொருள். பழைய ஜெலட்டின் சில்வர் பிரிண்ட்களில், அதாவது வெள்ளித் துகள்களால் படம் உருவான கறுப்பு வெள்ளை பிரிண்ட்களில், இது சகஜம்.

அடுத்து, திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் பிளாஸ்டிக் போல வழவழப்பாக இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் பூச்சுள்ள அந்தத் தாள் 1930-களில் கிடையாது. பின்பக்கம் காகிதமாகவே இருந்தால், இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். 1950-களில் இருந்து தாளை வெண்மையாகக் காட்ட ஒரு ரசாயனம் சேர்க்கத் தொடங்கினார்கள். அது இருந்தால் தாள் நீலமாக ஒளிரும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன் 1940-ல் இறந்தவர். அவரே போட்டவை என்று விற்கப்பட்ட பல பிரிண்ட்களின் தாளில் அந்த ரசாயனம் இருந்தது 1990-களின் இறுதியில் வெளிவந்து, புகைப்படச் சந்தையே ஆடிப்போனது.

ஒன்றை மறக்காதீர்கள். ஒளிர்ந்தால் பழசல்ல என்று சொல்லிவிடலாம். ஒளிராவிட்டால் பழசு என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த ரசாயனம் இல்லாத தாள்கள் பின்னாலும் வந்தன. பெரிய தொகை என்றால் பழைய புகைப்படங்களைப் பாதுகாப்பதில் தேர்ந்த, தாளை ஆராயத் தெரிந்த ஒரு நிபுணரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: ‘3/15’ என்று எழுதியிருந்தால் உலகத்திலேயே 15 பிரிண்ட்தானே இருக்கும்?

பதில்: பதினைந்தில் மூன்றாவது என்று அர்த்தம். ஆனால் அந்த அளவில், அந்த முறையில் மட்டும்தான் 15. கலைஞர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் பிரதிகள் இதில் சேராது. இப்படி எண்ணிக்கை வரையறுத்துப் போடும் தொகுதியை எடிஷன் என்பார்கள். வேறு அளவில் இன்னொரு எடிஷனும் வரலாம். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வில்லியம் எகிள்ஸ்டன் தன் பழைய படங்களைப் பெரிய டிஜிட்டல் பிரிண்ட்களாகப் போட்டு 2012-ல் ஏலத்துக்குக் கொண்டுவந்தபோது, முந்தைய எடிஷனை வாங்கிய ஒரு சேகரிப்பாளர் வழக்குப் போட்டார். அடுத்த ஆண்டே அது தள்ளுபடியானது. வாங்கும் முன்பே கேளுங்கள்: வேறு அளவுகள் உண்டா, கலைஞரின் சொந்தப் பிரதிகள் எத்தனை?

கேள்வி: இன்க்ஜெட் பிரிண்ட்டுக்கு மதிப்பு உண்டா?

பதில்: உண்டு. நிறமி மையில் (பிக்மென்ட் இங்க்), அமிலமில்லாத பருத்தித் தாளில் போட்டதா என்று மட்டும் பாருங்கள். சாய மை (டை இங்க்) சீக்கிரம் வெளிறிவிடும்.

கேள்வி: வாங்கியதை எப்படி மாட்டுவது?

பதில்: வெயில் படாத சுவரில், புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டு மாட்டுங்கள். படம் கண்ணாடியைத் தொடாமல் இருக்க, நடுவே படத்தைச் சுற்றிச் சட்டம்போல வரும் அமிலமில்லாத மவுண்ட் அட்டை வேண்டும். ஃபிரேம் போடுபவரிடம் பிரிண்டைப் பசையால் அட்டையில் ஒட்ட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காகித மூலைகளில் செருகி வைத்தாலே போதும். பின்னால் கழற்றித் திருப்பிப் பார்க்கவும் முடியும்.