உளுந்து வயலில் எத்தனை செடி நிற்கிறது?

கேள்வி: மியன்மாரில் பெகு பக்கம் 8 ஏக்கர். நெல் அறுத்த கையோடு உளுந்து விதைத்து 3 வாரம் ஆகிறது. மேட்டு நிலம் 6 ஏக்கர் நன்றாக இருக்கிறது, வாய்க்கால் ஓரப் பள்ளம் 2 ஏக்கர் வழுக்கை. 3 அடிக்கு 3 அடி மூங்கில் சட்டம் செய்து, மேட்டில் 5 இடம், பள்ளத்தில் 5 இடம் வைத்து எண்ணினேன். மேட்டில் சராசரி 26 செடி, பள்ளத்தில் 9. மொத்தச் சராசரி 17½ தான் வருகிறது. அழித்து விதை என்கிறார் மாமா. களைக்கு மருந்தடி என்கிறார் கடைக்காரர். என்ன செய்யட்டும் ஐயா?

பதில்: சட்டம் செய்து எண்ணினீர்களே, அதுவே பாதி வேலை. ஒரு ஏக்கரில் அந்தச் சட்டம் 4,840 அடங்கும். பெருக்கினால் ஏக்கர் கணக்கு வந்துவிடும். ஆனால் 17½ தப்பு. 6 ஏக்கருக்கும் 2 ஏக்கருக்கும் ஒரே எடை கொடுத்துவிட்டீர்கள். 26-ஐ 6-ஆலும் 9-ஐ 2-ஆலும் பெருக்கிக் கூட்டி 8-ஆல் வகுங்கள்: 21¾. வரிசைக்கு வரிசை 30, செடிக்குச் செடி 10 செ.மீ. என்று பார்த்தால் உங்கள் சட்டத்துக்குள் 27, 28 செடி நிற்க வேண்டும். மேட்டில் குறையே இல்லை தம்பி, அதைத் தொடாதீர்கள்.

இன்னொன்று, சட்டத்தை எங்கே வைத்தீர்கள்? கண் போன இடத்தில் வைத்திருந்தால் அந்த 26-உம் சந்தேகம்தான். நானே ஒரு வருடம் ரோட்டோரமாக நடந்து எண்ணிவிட்டு அமோக விளைச்சல் என்று சொல்லி, அறுவடையன்று தலை குனிந்தேன். தோளுக்கு மேல் வீசினாலும் சரிவராது. செடி ஒடியுமே என்று கை தானாக வெற்றிடம் பார்த்து வீசும். வயலில் இறங்குமுன்பே 23 காலடி, 40 காலடி என்று சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வரப்பிலிருந்து 5 அடி தள்ளி, குறுக்கும் நெடுக்குமாக நடந்து, அந்த எண்ணில் கால் கட்டைவிரல் படும் இடத்தில் சட்டத்தின் மூலையை வையுங்கள். வெறும் தரையா? 0 என்று எழுதுங்கள். மூங்கில் மேலேயே நிற்கும் செடியை, சட்டத்தின் இரண்டு பக்கத்தில் எண்ணிச் சேர்த்து, மற்ற இரண்டு பக்கத்தில் விட்டுவிடுங்கள். எத்தனை இடம் போதும் என்றால், ஒவ்வொன்றுக்கும் பிறகு சராசரி போட்டுப் பாருங்கள்; அது ஆடாமல் நின்றதும் நிறுத்தலாம். மேட்டில் சீக்கிரம் நின்றுவிடும், பள்ளத்தில் ஆகாது.

களைக்கு இந்த எண்ணிக்கை உதவாது. கோரையைத் தலை எண்ணலாம். அருகம்புல்லில் எது ஒரு செடி, எது இன்னொன்று? அதற்கு 50 அடிக் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு போட்டு இழுத்துக் கட்டுங்கள். எத்தனை முடிச்சுக்குக் கீழே புல் இருக்கிறதோ, அதன் இரட்டிப்புதான் அது மூடிய சதவீதம். கோரைக்கு, 20 சட்டத்தில் எத்தனையில் தலைகாட்டுகிறது என்று பாருங்கள். இரண்டு மூன்றில் மட்டும் என்றால் அது திட்டுத் திட்டாக இருக்கிறது. கையால் கிழங்கோடு பிடுங்கிவிடலாம். புல்லுக்கான மருந்து கோரையைச் சாகடிக்காது, கடைக்காரர் எதைச் சொன்னார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எதுவானாலும் 30 நாளுக்குள் செய்துவிட வேண்டும்.

அப்புறம் அந்த 2 ஏக்கர். 2 அங்குலம் தோண்டி மண்ணைப் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடித்தால் வழுக்கையில் மட்டும் விதை ஊன்றலாம். பொலபொலவென்று உதிர்ந்தால் விதையை வீணாக்காதீர்கள். இருக்கிற செடி கிளைத்து வருவது வரட்டும்.