ஊஜி ஈயில் ஆண் எது, பெண் எது?

கேள்வி: பாலக்கோடு பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறேன். ஐந்தாம் பருவப் (கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசிப் பருவம்) புழுக்கள் சிலவற்றின் மேல் வெள்ளைப் புள்ளி, சிலவற்றில் கறுப்புத் தழும்பு. வளர்ப்பு மனைக்குள் பெரிதும் சிறிதுமாக ஈக்கள் பறக்கின்றன. சிறியவை குஞ்சுகளா? ஆண், பெண் எப்படிப் பிரிப்பது? பெண்ணை மட்டும் ஒழித்தால் போதாதா?

பதில்: நீங்கள் சொல்லும் தழும்பை வைத்தே சொல்லிவிடலாம், அது ஊஜி ஈதான். நம் ஊரில் ஊசி ஈ என்பார்கள். ஆனால் அது ஊசி போலக் குத்துவதில்லை. முட்டையைப் புழுவின் தோல்மேல் ஒட்டிவிட்டுப் போய்விடும். அதுதான் வெள்ளைப் புள்ளி. 2 முதல் 5 நாளில் முட்டை பொரித்து, ஈப்புழு பட்டுப்புழுவுக்குள் நுழையும் இடம் கறுத்துவிடும்.

ஈயில் குஞ்சு கிடையாது. இறக்கை முளைத்த பின் எந்த ஈயும் வளராது. ஊஜி ஈயைப் போலவே வீட்டு ஈயின் முதுகிலும் நான்கு கோடு உண்டு, அதை வைத்து ஏமாற வேண்டாம். ஊஜி ஈ அதைவிடப் பெரியது, உடம்பெல்லாம் முள் போன்ற மயிர் இருக்கும்.

செத்த ஈ ஒன்றை வெள்ளைத் தாளில் மல்லாத்திப் போட்டுப் பாருங்கள். வயிறு ஒடுங்கி, பக்கங்களில் மயிர் அடர்ந்து, நுனியின் அடியில் செம்பழுப்பு மயிர் தெரிந்தால் ஆண். வயிறு அகன்று, மயிர் குறைவாக இருந்தால் பெண். பொதுவாக ஆண் 12 மி.மீ., பெண் 10 மி.மீ. இருக்கும். ஆனால் ஒரே பட்டுப்புழுவைப் பல ஈப்புழுக்கள் பங்கு போட்டுத் தின்றிருந்தால் ஆணும் சிறுத்துப் போகும். அதனால் அளவை நம்பாதீர்கள், வயிற்று நுனியைப் பாருங்கள்.

பெண்ணை மட்டும் பொறுக்குவதெல்லாம் நடக்கிற காரியமில்லை. ஒரு பெண் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். உள்ளே பறப்பதை எல்லாம் அடியுங்கள். சன்னலுக்கு நைலான் வலை, வாசலில் இரட்டைக் கதவு. ஈயைக் கவர்ந்திழுக்கும் ஊஜி பொறி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து, வெள்ளைத் தட்டில் ஊற்றி, சன்னலுக்கு உள்ளேயும் வெளியேயும் வையுங்கள். அடுத்த தொகுதிக்கு மூன்றாம் பருவத்திலேயே இதைத் தொடங்கிவிடுங்கள்.

தழும்புள்ள புழுக்களை இன்றே பிரித்தெடுங்கள். கூடு கட்டினாலும் ஈப்புழு ஓட்டை போட்டு வெளியே வரும், அந்தக் கூடு நூற்புக்கு ஆகாது. வெளியே வந்தது சில மணி நேரத்தில் தரை வெடிப்பில் ஒளிந்து கூட்டுப்புழுவாகிவிடும். வெடிப்புகளைச் சிமென்ட் வைத்து அடையுங்கள். அப்புறம் நெசோலின்க்ஸ் தைமஸ் என்ற சிறு குளவி கிடைத்தால், அது இருக்கும் பையை வாங்கி மனைக்குள் கட்டுங்கள். ஈயின் கூட்டுப்புழுவைத் தேடி முட்டையிட்டு அழிக்கும். கூடு அறுவடை முடிந்ததும் அந்தப் பையைக் குப்பைக்குழி ஓரம் மாற்றிக் கட்டுங்கள், அங்கேயும் அதற்கு வேலை இருக்கும்.