ரெப்போவில் எம்ஐடி என்று இருந்தால் போதுமா?

கேள்வி: எங்கள் குழு வாடிக்கையாளர்களுக்காக ஓர் இணையச் செயலி செய்கிறது. பிடிஎஃப் உருவாக்க, நிரல்களைப் பகிரும் தளமான ஜிட்ஹபில் ஒரு லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) கிடைத்தது. அதன் ரெப்போவில் (நிரல் சேமிப்பகம்) எம்ஐடி உரிமம் (தாராளமாகப் பயன்படுத்த அனுமதிக்கும் எளிய உரிமம்), ஆயிரக்கணக்கில் ஸ்டார் (பயனர்கள் இடும் விருப்பக் குறி). அப்படியே சேர்த்துவிடலாமா? பின்னால் சட்டச் சிக்கலோ பாதுகாப்புச் சிக்கலோ வராமலிருக்க எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: ஸ்டார் எண்ணிக்கையை முதலில் ஒதுக்கி வையுங்கள். காசுக்கு ஸ்டார் விற்பவர்களே இருக்கிறார்கள். எம்ஐடி என்ற அறிவிப்பு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த உரிமக் கோப்பு, லைப்ரரியை எழுதியவர் தம் கையால் எழுதிய நிரலுக்கு மட்டும்தான் பேசும். இன்ஸ்டால் கட்டளை கொடுத்ததும் உங்கள் கணினியில் வந்து இறங்குவது அதைவிடப் பெரிய மூட்டை. அந்த மூட்டையைத்தான் சோதிக்க வேண்டும்.

பிடிஎஃப் விஷயத்தில் இதற்கு அவசியம் அதிகம். பிடிஎஃப் எஞ்சின்களான கோஸ்ட்ஸ்கிரிப்ட், மியூபிடிஎஃப், ஐடெக்ஸ்ட் மூன்றுமே, மூலநிரலைப் பகிரச் சொல்லும் ஏஜிபிஎல் உரிமத்தில் கிடைப்பவை. அது வேண்டாமென்றால் காசு கொடுத்து வணிக உரிமம் வாங்க வேண்டும். இப்படிப்பட்ட எஞ்சினை அடியில் வைத்து, மேலே கொஞ்சம் நிரல் எழுதி, அதற்கு எம்ஐடி போடுவது சாதாரணமாக நடக்கிறது. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. தம் வரிகளுக்கு அவர் விரும்பிய உரிமத்தைத் தரலாம். எஞ்சினின் நிபந்தனையைத் தளர்த்தத்தான் அவரால் முடியாது.

உங்களுடையது இணையச் செயலி என்பதால் ஏஜிபிஎல்லில் கூடுதல் கவனம் வேண்டும். விநியோகித்தால் மூலநிரலையும் தரச் சொல்லும் சாதாரண ஜிபிஎல் உரிம நிரலை உங்கள் சர்வரிலேயே வைத்து ஓட்டினால் அது விநியோகம் ஆகாது. மூலநிரலைத் தரும் கடமையும் வராது. ஏஜிபிஎல்லின் 13ஆவது பிரிவு அந்த இடைவெளியை அடைக்கிறது: நிரலை மாற்றி வலைவழியே பிறருக்குப் பயன்படக் கொடுத்தால், அவர்களுக்கு மூலநிரலும் கிடைக்க வேண்டும். உங்கள் செயலியோடு அதை இணைப்பதே மாற்றுவதாகுமா என்பது நீங்கள் இணைக்கும் விதத்தைப் பொறுத்தது. இங்கே ஊகிக்காதீர்கள், வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

எழுத்துருக்களையும் மறக்காதீர்கள். பிடிஎஃப் லைப்ரரிகள் பல சமயம் அவற்றையும் சேர்த்தே கொண்டுவரும், அவற்றுக்குத் தனி உரிமம் இருக்கும். அப்புறம், எம்ஐடிக்கும் ஒரு கடமை உண்டு: நிரலைப் பிறருக்குக் கொடுக்கும்போது பதிப்புரிமை வரியும் உரிம வாசகமும் கூடவே போக வேண்டும். உரிமக் கோப்பே இல்லாத ரெப்போ என்றால் தொடாதீர்கள். பொதுவெளியில் கிடப்பதால் எடுத்துப் பயன்படுத்தும் அனுமதி வந்துவிடாது.

ஸ்கேன்கோட் என்ற இலவசக் கருவியை, டிபெண்டன்சிகள் (லைப்ரரி சார்ந்திருக்கும் பிற நிரல்கள்) எல்லாம் இறங்கிய கோப்புறையின் மீது ஓட்டுங்கள். ஒவ்வொரு கோப்பிலும் உள்ள உரிம வாசகங்களை அது எடுத்துக் காட்டும். பதிப்பு எண்ணையும் உரிமத்தையும் சேர்த்தே குறித்து வையுங்கள், ஏனென்றால் உரிமம் மாறும். ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள் 2024 மார்ச்சில் தாராளமான பிஎஸ்டி உரிமத்திலிருந்து மாறியது. அதற்கு முன் வந்த பதிப்புகளுக்குப் பழைய உரிமமே பொருந்தும்.

சரி, பாதுகாப்புக்கு வருவோம். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவு (ரகசிய நுழைவழி) வெளிப்பட்டது. வைத்தவர் ஈராண்டுக்கு மேல் ஒழுங்காகப் பங்களித்து, பராமரிப்பாளர் என்ற நிலைக்கு வந்தவர். தீங்கான பகுதி சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் ரெப்போவிலேயே இருந்தது. அதை உயிர்ப்பிக்கும் பில்ட் ஸ்கிரிப்டோ வெளியீட்டு டார்பாலில் (பதிப்பு வெளியிடும்போது தரும் தொகுப்புக் கோப்பு) மட்டும் இருந்தது. ரெப்போவை வரி வரியாகப் படித்தவருக்கும் அது கண்ணில் பட்டிருக்காது. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் முறை) உள்நுழைவு அரை நொடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்ததால்தான் சிக்கியது.

அதனால் ரிஜிஸ்ட்ரியிலிருந்து (பேக்கேஜ்களை இறக்கித் தரும் களஞ்சியம்) பேக்கேஜை இறக்கிப் பிரித்து, அதே பதிப்பின் ரெப்போ நிரலோடு ஒப்பிடுங்கள். பில்ட் செய்த கோப்புகள் வேறுபடுவது இயல்பு. காரணம் புரியாத வேறுபாடு இருந்தால் நிறுத்துங்கள். இன்ஸ்டால் ஆகும்போதே தானாக ஓடும் ஸ்கிரிப்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது என்ன செய்கிறது என்று புரிந்த பிறகே அனுமதியுங்கள். பராமரிப்பாளர் அண்மையில் மாறியிருந்தாலும் கவனம் தேவை: 2018இல் ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்ற என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் ரிஜிஸ்ட்ரி) பேக்கேஜைப் புதிதாகப் பொறுப்பேற்றவர்தான் அதில் பிட்காயின் திருடும் டிபெண்டன்சியைச் சேர்த்தார்.

ஏற்கெனவே தெரிந்த ஓட்டைகளுக்கு ஓஎஸ்வி-ஸ்கேனர் என்ற கருவி போதும். ஸ்கோர்கார்டு என்ற கருவி ஒரு திட்டத்தின் பழக்கவழக்கங்களைப் பார்த்து பத்துக்கு மதிப்பெண் தரும். அதை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரே பராமரிக்கும் நல்ல திட்டங்கள் குறைந்த மதிப்பெண் வாங்குவதுண்டு.

சேர்த்த பிறகு லாக்ஃபைலை (எந்தெந்தப் பதிப்புகள் இறங்கின என்ற பதிவு) ரெப்போவில் கமிட் செய்து, பில்ட் சர்வரில் அதன்படியே இன்ஸ்டால் ஆகும்படி வையுங்கள். ஜிட்ஹப் ஆக்‌ஷன்களை (தானியங்கி வேலைகளுக்கான நிரல்கள்) இடம் மாற்றக்கூடிய டேக் பெயரால் அழைக்காமல், ஒரே ஒரு கமிட்டை மட்டும் சுட்டும் முழு கமிட் ஹேஷால் அழையுங்கள். 2025 மார்ச்சில் டிஜே-ஆக்‌ஷன்ஸ் திட்டத்தின் டேக்குகளை, அதைத் தாக்கியவர்கள் தங்கள் கமிட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். ஹேஷால் அழைத்தவர்களுக்கு டேக் மாறியது பொருட்டாகவில்லை. புதிய பதிப்பு வந்த அன்றே ஏறவும் வேண்டாம். 2025 செப்டம்பரில் சாக், டிபக் முதலான என்பிஎம் பேக்கேஜ்களில் புகுத்தப்பட்ட தீநிரல் சில மணி நேரத்திலேயே நீக்கப்பட்டது. ஒரு வாரம் பொறுத்து அப்டேட் செய்யும் குழுவை அது தொட்டிருக்காது. பாதுகாப்புத் திருத்தத்துக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு கூடாது.

உங்கள் லைப்ரரியை முடிவு செய்ய, அடியில் எந்த எஞ்சின் ஓடுகிறது என்பதை இன்றே பாருங்கள். ஏஜிபிஎல் என்று தெரிந்தால் வணிக உரிமத்தின் விலையை விசாரியுங்கள், அல்லது வேறு எஞ்சினைத் தேடுங்கள். செயலி முழுக்க அந்த லைப்ரரியின் அழைப்புகள் பரவிய பிறகு மாற்றுவது பெரும் வேலை.