எந்தப் பாகத்தில் நிற்கிறீர்கள்? ஃபேண்டஸி தொடர் வாசகர்களின் கேள்வி – பதில்

கேள்வி: 'வீல் ஆஃப் டைம்' தொடரை ஆரம்பிக்கப் போகிறேன். 'நியூ ஸ்பிரிங்' என்ற முன்கதையை முதலில் படி என்கிறாள் என் தோழி. கதை நடக்கும் காலப்படி அதுதானே முதல்?

பதில்: காலப்படி அதுதான் முதல். ஆனாலும் அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். ராபர்ட் ஜோர்டான் முதல் பாகத்தை வெளியிட்டது 1990-ல். 'நியூ ஸ்பிரிங்' நாவலாக வந்தது 2004-ல், பத்தாம் பாகத்துக்குப் பிறகு. அதுவரை படித்துவிட்டுக் காத்திருந்தவர்கள் கைக்குப் போன புத்தகம் அது. முதல் பாகத்தில் ஒரு சிற்றூருக்குப் பெண்மணி ஒருவர் வந்து இறங்குகிறார். அவரை நம்பலாமா கூடாதா என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் அல்லாடுகிறார்கள். அவருடைய இளமைக் காலத்தைச் சொல்வதுதான் முன்கதை. அதை முதலில் படித்தால், பிள்ளைகள் அல்லாடும்போது நீங்கள் மட்டும் விடை தெரிந்தவராக உட்கார்ந்திருப்பீர்கள்.

சி. எஸ். லூயிஸின் 'நார்னியா' தொடரிலும் இதே சிக்கல் உண்டு. ஆறாவதாக 1955-ல் வந்த 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' இப்போதைய பதிப்புகளில் முதல் புத்தகமாக எண்ணிடப்பட்டிருக்கிறது. முதன்முதலில், 1950-ல் வந்த புத்தகத்திலோ, அலமாரிக்குள் நுழைந்த சிறுமி பனிக்காட்டின் நடுவே ஒரு தெருவிளக்கைப் பார்க்கிறாள். காட்டில் தெருவிளக்கு எப்படி வந்தது? அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு நான்கு புத்தகங்கள் கடந்துபோய் 'மெஜிஷியன்ஸ் நெஃப்யூ'வில் விடையைப் பிடிப்பதில்தான் சுகம். எண் வரிசையில் படித்தால் கேள்வி எழும் முன்பே விடை வந்துவிடும்.

வெளியான வரிசையில் படியுங்கள் என்பதே எங்கள் பதில். டெர்ரி பிராட்செட்டின் 'டிஸ்க்வேர்ல்ட்' மட்டும் விலக்கு. அது 41 நாவல்கள், உள்ளுக்குள் பல கிளைகள். நகரக் காவலர்களின் கிளையைத் தொடங்கும் எட்டாம் நாவல் 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' வழியாகத் தாராளமாக நுழையலாம்.

கேள்வி: ஐந்து வருடம் கழித்து நான் படிக்கும் தொடரின் அடுத்த பாகம் வரப்போகிறது. பழைய கதை பாதி மறந்துவிட்டது. எல்லாவற்றையும் மறுபடி படிப்பதா, இணையத்தில் கதைச்சுருக்கம் படித்தால் போதுமா?

பதில்: நேரம் இருந்தால் எல்லாவற்றையும் படியுங்கள். நேரம் இருக்கிறதா என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், மனக்கணக்கை நம்பாதீர்கள். 'வீல் ஆஃப் டைம்' 14 பாகங்களும் முன்கதையும் சேர்த்துச் சுமார் 44 லட்சம் சொற்கள். நிமிடத்துக்கு 200 சொல் படிப்பவருக்கு ஏறக்குறைய 370 மணி நேரம் ஆகும். தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஒரு வருடம். உங்கள் தொடருக்கு இவ்வளவு கஷ்டமில்லை: முந்தைய பாகங்களின் மொத்தப் பக்கங்களை, ஒரு சாதாரண வேலைநாளில் நீங்கள் படிக்கும் பக்கங்களால் வகுங்கள். விடுமுறை நாளின் வேகத்தை எடுத்துக்கொண்டால் கணக்கு நிச்சயம் உதைக்கும். வரும் விடையோடு பத்தில் ஒரு பங்கைக் கூட்டி, வெளியீட்டு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால் எந்தத் தேதியில் தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

ஆறு வாரம்தான் இருக்கிறதென்றால் கடைசிப் பாகத்தை ஒரு வரி விடாமல் படியுங்கள். மற்றவற்றில் முன்னுரைக் காட்சி, முடிவுரைக் காட்சி இரண்டையும், கனவுகளும் ஆரூடங்களும் வரும் அத்தியாயங்களையும் படியுங்கள். பின்னால் முளைக்கப்போகும் விதைகளை இந்த வகை எழுத்தாளர்கள் பெரும்பாலும் அங்கேதான் ஊன்றுகிறார்கள். போர்க் காட்சிகளைத் தாண்டிப் போகலாம். யார் வென்றார், யார் செத்தார் என்பது போதும்.

கதைச்சுருக்கம் என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடும். யாருக்கு எது தெரியும் என்பதைச் சொல்லாது. அரசனின் மகன் உயிரோடிருப்பது உங்களுக்குத் தெரியும். சமையல்காரிக்கும் தெரியும். தளபதிக்குத் தெரியாது. புதிய பாகத்தில் தளபதியும் சமையல்காரியும் ஒரே அறையில் பேசிக்கொள்ளும்போது, சுருக்கம் படித்தவருக்கு அது வெறும் பேச்சு. முழுதாகப் படித்தவருக்கு உள்ளங்கை வியர்க்கும்.

'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' வாசகர்களுக்குத் தனியாக ஒன்று. 2005-ல் வந்த நான்காம் பாகமும் 2011-ல் வந்த ஐந்தாம் பாகமும் பெருமளவு ஒரே காலத்தில் நடப்பவை. கதைமாந்தர்களையும் இடங்களையும் வைத்துப் பிரித்திருக்கிறார்கள். முதல் வாசிப்பில் அப்படியே ஒன்றன்பின் ஒன்றாகப் படியுங்கள். மறுவாசிப்பில் இரண்டையும் பக்கத்தில் வைத்து, அத்தியாயங்களைக் கால வரிசைப்படி மாற்றி மாற்றிப் படிக்கலாம். இரண்டு புத்தகக்குறிகள் வேண்டும். முதல்முறை படிப்பவர் இதைச் செய்தால் கதையின் நடை குலைந்து பாதியில் சோர்ந்துவிடுவார்.

கேள்வி: பெயர்கள் குழம்புகின்றன. நோட்டு போட்டு எழுத ஆரம்பித்தேன். எட்டாம் அத்தியாயத்தோடு நின்றுவிட்டது. எப்படி எழுதுவது?

பதில்: அதிகமாக எழுதியிருப்பீர்கள். நோட்டு நின்றுபோவதற்கு அநேகமாக அதுதான் காரணம். ஓர் அத்தியாயத்துக்கு ஒரு வரி, இருபது சொல்லுக்கு மேல் வேண்டாம். புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள். திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் கை தானாக நகலெடுக்கத் தொடங்கும்.

நோட்டின் இடப்பக்கம் அந்த ஒரு வரிக்கு. வலப்பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள்: மேலே புதிதாக வந்த பெயர்கள், கீழே 'யாருக்கு எது தெரியும்'. ஒரு பதிவு இப்படி இருக்கலாம்: "பாகம் 2, அத். 14. வாளில் விரிசல் இருப்பதைக் கொல்லன் மட்டும் பார்த்தான். இளவரசியிடம் சொல்லவில்லை." ஆறாம் பாகத்தில் அந்த வாள் உடையும்போது இந்த வரியின் அருமை தெரியும்.

பக்க எண் எழுதாதீர்கள். கெட்டி அட்டை, பேப்பர்பேக், மின்னூல் மூன்றிலும் பக்கம் மாறும்; அத்தியாய எண் மாறாது. ஒரே ஆளுக்கு இயற்பெயர், பட்டப்பெயர், பதவிப்பெயர் என மூன்று இருந்தால் மூன்றையும் தனித்தனியே எழுதி, ஒன்றிலிருந்து மற்றதற்கு அம்புக்குறி போடுங்கள். இருவர் ஒரே ஆள்தானோ என்று சந்தேகம் வந்தால் பென்சிலில் கேள்விக்குறி.

புத்தகத்தின் கடைசியில் இருக்கும் பெயர் அகராதியை, அந்தப் பாகம் முடியும்வரை புரட்டாதீர்கள். சில பதிப்புகளில் அந்தப் பாகத்துக்குள் நடக்கும் சாவும் பட்டாபிஷேகமும் அதிலேயே இருக்கும்.

கேள்வி: கதாநாயகன் பத்தே நாளில் கண்டத்தைக் கடக்கிறான். இது சாத்தியமா என்று மேப்பை வைத்துச் சரிபார்க்க முடியுமா?

பதில்: அளவுகோல் அச்சிட்ட மேப்பாக இருந்தால் முடியும். முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், மூலப் பக்கத்தில் கை வைக்க வேண்டாம். தையல் நூலை லேசாக ஈரப்படுத்தி, சாலையின் வளைவுகளோடு படியவைத்து, தொடக்கத்திலும் முடிவிலும் பேனாவால் புள்ளி வையுங்கள். நூலை நிமிர்த்தி அளவுகோலின் மேல் வைத்தால் தூரம் கிடைக்கும். காய்ந்த நூல் வளைவில் நிற்காமல் எழும்பும், அதற்காகத்தான் ஈரம். சாலையே வரையாத இடத்தில் நேர்க்கோட்டுத் தூரத்தோடு கால் பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நல்ல பாதையில் நடப்பவர் ஒரு நாளில் 25 முதல் 30 கி.மீ. போவார். மாட்டுவண்டிகளோடு நகரும் படைக்கு 15 முதல் 20. ஒரே குதிரையில் பல நாள் தொடர்ந்து போகிறவருக்கு 40 முதல் 50. அதற்குமேல் விரட்டினால் மூன்றாம் நாள் குதிரை நொண்டும். இரவும் பகலும் ஓடும் பாய்மரக் கப்பல் நல்ல காற்றில் 200 கி.மீ. தாண்டும். கணக்கு உதைத்தால் உடனே எழுத்தாளரைப் பிடிக்காதீர்கள். இரண்டு அத்தியாயங்களுக்கு இடையில் எத்தனை நாள் போயிற்று என்பதை நிலவின் பிறையும் ஆறிவரும் காயமும் சொல்லும். அதையும் எண்ணிய பிறகு சரிவராவிட்டால் பிழை அவருடையதுதான்.

கேள்வி: ஆயிரம் பக்க பேப்பர்பேக். இரண்டாம் முறை படிக்கும்போதே முதுகு நடுவில் பிளந்து பக்கங்கள் கழன்று வருகின்றன. செல்லோடேப் ஒட்டலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். டேப்பின் பசை சில வருடங்களில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். பிளாஸ்டிக் உரிந்து விழுந்த பிறகும் கறை போகாது.

இந்தப் புத்தகங்களில் தையல் இருப்பதில்லை. தாள்களின் ஓரத்தைச் சீவி, சூடான பசையில் ஒட்டுகிறார்கள். பசை ஆறியதும் விறைக்கும், பழசானால் மொறமொறப்பாகும். நடுப்பக்கத்தை ஒரேயடியாக விரித்து அழுத்தினால் அந்த இடத்தில் பசை உடைகிறது.

கழன்ற தாளை ஒட்ட, பி.வி.ஏ. எனப்படும் வெள்ளைப் பசை போதும். வீணான ஒரு காகிதத்தால் தாளை மறைத்து, உள் ஓரத்தில் 2 மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி வையுங்கள். அந்தக் கீற்றில் தூரிகையால் மெல்லிய பூச்சு. மறைத்த காகிதத்தை எடுத்துவிட்டு, தாளின் மேல்விளிம்பு பக்கத்துத் தாள்களோடு ஒன்றும்படி உள்ளே செருகுங்கள். இருபுறமும் பட்டர் பேப்பர் வைத்து மூடி, மேலே கனமான நான்கு புத்தகங்களை ஏற்றி ஓர் இரவு விடுங்கள். பசை தாராளமாகப் போனால் அக்கம்பக்கத் தாள்களும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டு ஒரு மணி நேரத்தில் திறந்தால் தாள் கோணலாக நிற்கும். பத்துப் பதினைந்து தாள்களுக்கு மேல் கழன்றிருந்தால் பைண்டரிடம் கொடுங்கள்.

அடுத்த பாகத்தையாவது வாங்கிய அன்றே பழக்குங்கள். முதுகை மேசையில் ஊன்றி நிறுத்தி, முன் அட்டையையும் பின் அட்டையையும் படுக்கவையுங்கள். பிறகு முன்னிருந்து இருபது தாள், பின்னிருந்து இருபது தாள் என்று மாறி மாறிப் படுக்கவைத்து, முதுகோரம் விரலால் மெல்லத் தடவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். ஐந்து நிமிட வேலை. வளைவு முதுகு முழுக்கப் பரவிவிடும்.

ராமபாணப் பூச்சிக்குப் பசையின் மாவும் ஈரமும் பிடிக்கும். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். கண்ணாடி போட்ட அலமாரியாக இருந்தால் வாரம் ஒருமுறை திறந்து காற்றாட விடுங்கள். வெயில் நேராக விழும் இடம் ஆகாது. முதுகின் சிவப்பு எழுத்துகள்தான் முதலில் வெளுக்கும்.

கேள்வி: ஒரே புத்தகத்தின் இரண்டு பதிப்புகளில் கதையே மாறியிருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. 1937-ல் வந்த 'தி ஹாபிட்' முதல் பதிப்பில், விடுகதைப் போட்டியில் தோற்றால் மோதிரத்தைப் பரிசாகத் தருவதாக, குகையில் வாழும் கோல்லம் என்ற பிராணியே கதாநாயகன் பில்போவிடம் பந்தயம் வைக்கிறது. தோற்ற பிறகு மன்னிப்புக் கேட்டு வழியும் காட்டுகிறது. அடுத்து எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' பெருநாவலுக்கு இது பொருந்தாததால் டோல்கீன் 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தைத் திருத்தினார். பழைய வடிவம் பில்போ சொன்ன பொய் என்று பெருநாவலுக்குள்ளேயே விளக்கமும் கொடுத்தார். தன் பிழையைக் கதையாக்கிய அந்தச் சாமர்த்தியத்துக்காகவே இரண்டையும் ஒப்பிட்டுப் படிக்க வேண்டும்.

ஹாரி பாட்டர் நான்காம் பாகத்தின் ஆரம்ப அச்சுகளில், வில்லனின் மந்திரக்கோலிலிருந்து, அதனால் கொல்லப்பட்ட ஹாரியின் தந்தை முதலிலும் தாய் பிறகும் நிழலுருவாக வெளிவருவார்கள். கடைசியாக இறந்த தாய்தான் முதலில் வர வேண்டும் என்பதால் பிந்தைய அச்சுகளில் வரிசையை மாற்றினார்கள்.

உங்களிடம் இருப்பது எத்தனையாவது அச்சு என்று அறிய, உரிமைப் பக்கத்தில் 10 9 8 7 என்று இறங்கும் எண்வரிசை இருக்கிறதா பாருங்கள். அதில் மிஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண்தான் அச்சு எண். 'முதல் பதிப்பு' என்ற சொல்லை மட்டும் நம்பி அதிக விலை கொடுக்காதீர்கள்; பல பதிப்பகங்கள் அந்தச் சொல்லை அடுத்தடுத்த அச்சுகளிலும் அப்படியே விட்டுவிடுகின்றன.

கேள்வி: முடியாத தொடரைத் தொடங்கலாமா? எழுத்தாளர் முடிக்காமலே போய்விட்டால்?

பதில்: ராபர்ட் ஜோர்டான் 2007-ல் காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூன்று பாகங்களை எழுதி 2013-ல் முடித்துவைத்தார். எல்லாத் தொடருக்கும் இந்தக் கொடுப்பினை இருக்காது. பாகத்துக்குப் பாகம் ஒரு கதை முடிகிற தொடரென்றால் யோசிக்காமல் தொடங்குங்கள். ஒரே கதை நடுவில் அறுபடும் தொடரென்றால், மூன்று பாகமாவது வெளிவந்த பிறகு தொடங்குவது நல்லது.

கேள்வி: தம்பிக்கு இரவல் கொடுக்கப் போகிறேன். முதல் பாகம் மட்டும் போதுமா?

பதில்: இரண்டாம் பாகத்தையும் சேர்த்துக் கொடுங்கள், ஆனால் அதன் பின்னட்டையைத் தாள் உறை போட்டு மூடிவிடுங்கள். முதல் பாகத்தின் முடிவு அந்தப் பின்னட்டையின் முதல் வரியிலேயே இருக்கக்கூடும்.