கத்திரி வெயிலில் தஞ்சைக் கலைக்கூடம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பள்ளி விடுமுறை என்பதால், தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடம் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள்.

மே மாதத்தில் போனால் வெயில் தாங்குமா? பெரிய கோயிலையும் அதே நாளில் பார்க்க வேண்டும்.

தாங்கும், வரிசையைச் சரியாக வைத்துக்கொண்டால். விடியற்காலையில் பெரிய கோயிலுக்குப் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் அந்தக் கல்தளத்தில் வெறுங்காலோடு நடப்பது கொடுமை. அங்கிருந்து நேராக அரண்மனை. கலைக்கூடம் திறந்த கையோடு உள்ளே போனால் கூட்டமும் இருக்காது. ஏ.சி.யை எதிர்பார்க்காதீர்கள். தடித்த சுவர்களும் உயர்ந்த வளைவுக் கூரைகளும் கொண்ட பழைய கட்டடம், காலையின் குளுமையைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். மதியம் சாப்பிட்டு ஓய்வெடுங்கள்.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

திருவெண்காடு என்ற ஊரில் கிடைத்த செப்புத்திருமேனிகளை, அதாவது வெண்கலச் சாமி சிலைகளை, மட்டும் பாருங்கள். மற்றதை விட்டாலும் பரவாயில்லை.

முதலில் ரிஷபவாகனர், காளையோடு நிற்கும் சிவன். 1011-ல், முதலாம் ராஜராஜன் காலத்தில் செய்தது. பக்கத்தில் நிற்கும் தேவி அடுத்த ஆண்டு சேர்ந்தவள். சிவன் ஒரு காலைக் குறுக்கே வைத்து, காளையின் மேல் கையைச் சாய்த்தபடி நிற்கிறார். காளை இப்போது இல்லை. ஆனால் அந்தக் கையின் தளர்வைப் பார்த்தாலே காளையின் உயரம்கூடத் தெரிந்துவிடும். சடையைத் தலைப்பாகைபோலச் சுற்றியிருப்பதையும் அதில் நெளியும் பாம்பையும் பக்கவாட்டில் போய் நின்று பாருங்கள். முன்னால் நின்று பார்த்துவிட்டு நகர்கிறவர்கள்தான் அதிகம். முதுகும் இடுப்பின் வளைவும் அவர்களுக்குக் கிடைப்பதே இல்லை.

அடுத்து கல்யாணசுந்தரர். சிவன் கைப்பிடிக்க, பார்வதி தலை குனிந்து நிற்கிறாள். கூச்சப்படும் மணப்பெண்ணை லட்சுமி பின்னாலிருந்து மெல்ல முன்னே தள்ளுவதைக் கவனியுங்கள். நம் வீட்டுக் கல்யாணங்களில் இன்றும் நடப்பதுதான்.

கோயிலிலேயே உற்சவரைப் பார்க்கிறோமே, இங்கே புதிதாக என்ன இருக்கிறது?

கோயிலில் பட்டும் மாலையும் சாத்தியிருப்பதால் முகம் மட்டும்தான் தெரியும். சிற்பி உடம்பில் செய்த வேலை முழுவதும் கண்ணில் படுவது இங்கேதான். இன்னொன்றும் உண்டு. தலைமுறை தலைமுறையாக அபிஷேகம் நடந்த திருமேனிகளில் மூக்கும் கண்ணும் தேய்ந்து மழுங்கியிருக்கும். திருவெண்காட்டுத் திருமேனிகள் நெடுங்காலம் மண்ணுக்குள் இருந்தவை. அதனால்தான் செதுக்கல் இன்னும் கூர்மையாக இருக்கிறது.

சாமிதானே, காலைத் தொட்டுக் கும்பிட்டால் என்ன தப்பு?

பக்தியைக் குறை சொல்லவில்லை. ஆனால் தயவுசெய்து தொடாதீர்கள், கோடையில் கண்டிப்பாகக் கூடாது. வியர்வையில் உப்பு இருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து, காற்றின் ஈரமும் கிடைத்தால், வெளிர்பச்சைப் பொடியாக அரிக்கத் தொடங்கும். தொடங்கிவிட்டால் தானாக நிற்பது அரிது. உள்ளுக்குள் குழி பறித்துக்கொண்டே போகும். விபூதி, குங்குமம், பூ, எண்ணெய் எதையும் வைக்க வேண்டாம். எட்ட நின்று கைகூப்பினால் போதும். பிள்ளைகளுக்கு வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

போட்டோ எடுக்கலாமா?

கவுண்டரில் கேட்டுவிட்டு எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். உலோகம் பளீரென்று மின்னி, முகத்தின் நெளிவு சுளிவு எல்லாம் படத்தில் காணாமல் போகும்.

வயதான அம்மாவும் ஏழு வயதுப் பையனும் வருகிறார்கள்.

அம்மாவை மாடங்களின் படிகளில் ஏற்ற வேண்டாம், படிகள் செங்குத்து. கீழேயே உட்கார இடம் பார்த்துக்கொடுங்கள். தண்ணீரோடு உப்புப் போட்ட மோரும் எடுத்துப் போங்கள். பையனுக்குச் சிலைகள் சலித்தால் திமிங்கில எலும்புக்கூடு இருக்கிறது. தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியது. நேராக அங்கே அழைத்துப் போங்கள்.

சிலை வார்ப்பதை நேரில் பார்க்க முடியுமா?

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுவாமிமலை போங்கள். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசி, சூடாக்கி மெழுகை வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும், ஆகவே ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான். வார்ப்பு தினமும் நடக்காது. பட்டறையில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மற்ற நாட்களில் மெழுகு வேலையும் உளி வேலையும் பார்க்கலாம்.