தந்திரக் கதை கேட்டால் குழந்தை ஏமாற்றக் கற்றுக்கொள்ளுமா?

கேட்டவருடைய குழந்தைக்கு நான்கு வயது. முயல் சிங்கத்தை ஏமாற்றுகிறது, குரங்கு முதலையை ஏமாற்றுகிறது, நரி கண்ணில் பட்ட எல்லோரையும் ஏமாற்றுகிறது, இதையெல்லாம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தால் ஏமாற்றுவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளாதா, கதையை மாற்றிச் சொல்ல வேண்டுமா, கதையில் வருகிற சாவை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் ஏமாறுவது யார் என்று பார்த்துக் கதையைத் தேர்ந்தெடுங்கள். எனக்குத் தெரிந்து இதில் பார்க்க வேண்டிய முக்கியமான விஷயம் அதுதான்.

இந்தப் பயம் புதிதும் இல்லை. 1762இல் வந்த 'எமில்' என்கிற குழந்தை வளர்ப்புப் புத்தகத்தில் தத்துவஞானி ரூசோ இதே விஷயத்துக்காக மல்லுக்கு நிற்கிறார். காகத்தை நரி புகழ்ந்து வாயிலிருப்பதைத் தட்டிக்கொண்டு போகிற கதை இருக்கிறதே (நமக்கு அது வடை, அவர்களுக்குப் பாலாடைக்கட்டி), அதை வரிவரியாக எடுத்துவைத்துக் கேள்வி கேட்கிறார். குழந்தை காகத்தைப் பார்த்துச் சிரிக்கும், நரியாக இருக்கத்தான் ஆசைப்படும் என்பது அவர் வாதம். அந்த ஒரு கதையைப் பொறுத்தவரை மனுஷன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காகம் நரிக்கு என்ன கெடுதல் செய்தது? ஒன்றுமில்லை. சும்மா மரத்தில் உட்கார்ந்திருந்தது. அதனால்தானோ என்னவோ, வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு காகம் பாடுகிற மாதிரி நம்மிடையே ஒரு புது முடிவு புழங்குகிறது, சின்னப் பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் சொல்வேன். பழைய முடிவை இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு சொல்லி, இரண்டில் எது பிடித்திருக்கிறது என்று கேட்டால் நல்ல சண்டை வரும்.

முயல் சிங்கத்தைக் கிணற்றுக்குக் கூட்டிப்போகிற கதையின் கணக்கே வேறு. அங்கே கண்டபடி கொன்று தின்று, தினமும் ஒரு மிருகம் சாப்பாடாகப் போயாக வேண்டும் என்கிற நிலைமைக்குக் காட்டையே தள்ளியவன் சிங்கம். முயலுக்குப் பல் இல்லை, நகம் இல்லை, ஓடினாலும் மாட்டிக்கொள்ளும், அதனிடம் இருப்பது வாய் மட்டும்தான். சின்னக் குழந்தையின் நிலைமையும் அதுதானே: வீட்டில் எல்லோரும் தன்னைவிட உயரம், தாழ்ப்பாள் எல்லாம் எட்டாத இடத்தில், எப்போது தூங்க வேண்டும் என்பதைக்கூட வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். பலமில்லாத ஒன்று யோசித்துத் தப்பிக்கிறது என்பதுதான் அந்த வயதுக்குப் போய்ச் சேருகிறது, பொய் சொல்லலாம் என்பது இல்லை. இன்னொன்று, கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று குழந்தைக்கு ஏறக்குறைய இரண்டு வயதுக்குள் தெரிந்துவிடும். ஆக, தண்ணீரில் தெரிகிற இன்னொரு சிங்கத்தைப் பார்த்து உறுமுகிற அந்தப் பெரிய மிருகத்தைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்கிற சந்தோஷம் நான்கு வயதுப் பிள்ளைக்குக்கூடக் கிடைக்கும். "அது நிழல்டா லூசு!" என்று சிங்கத்தைத் திட்டிய வாண்டு ஒன்று என் குடும்பத்திலேயே இருக்கிறது.

சரி, வயது விஷயம். ஹைன்ஸ் விம்மர், யோசஃப் பெர்னர் என்று இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1983இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான், அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள், திரும்பி வந்து பையன் எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் சாக்லேட் இப்போது இருக்கிற இடத்தையே காட்டுவார்கள். தனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது என்பது பொதுவாக நான்கு, ஐந்து வயதில்தான் பிடிபடுகிறது. தந்திரக் கதை மொத்தமும் இந்த ஒரு ஆணியில்தான் தொங்குகிறது, இது பிடிபடாத பிள்ளைக்கு முயல் பொய் சொல்கிறது என்பதே உறைக்காது, நிஜமாகவே இன்னொரு சிங்கம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும்.

அதனால் மூன்று, மூன்றரை வயதுக்குச் சொல்லும்போது நான் ரகசியத்தை முன்கூட்டியே உடைத்துவிடுவேன். முயல் வழியில் கிணற்றை எட்டிப் பார்த்தது, உள்ளே இன்னொரு முயல், காதை ஆட்டினால் அதுவும் ஆட்டுகிறது, ஆஹா என்று ஒரு யோசனை வந்தது, அதைக் குழந்தையின் காதில் மட்டும் சொன்னது. நீங்களும் நிஜமாகவே காதில் குசுகுசுவென்று சொல்லுங்கள். இனி குழந்தை முயலின் கட்சி. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது தேவையில்லை, முயல் ஏன் வேண்டுமென்றே தாமதமாகப் போகிறது என்று அதுவே மண்டையைப் பிய்த்துக்கொள்ளட்டும்.

குரங்கு இதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டு வந்தேன் என்று முதலையிடம் சொல்கிற கதை இதற்கு நல்ல அளவுகோல். "இதயத்தைக் கழற்ற முடியுமா?" என்று குழந்தை உங்களிடமே சந்தேகம் கேட்டால் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். முடியாது என்று அதற்குத் தெரிந்து, முதலைக்குத் தெரியவில்லையே என்று சிரிக்க ஆரம்பித்துவிட்டால் கதைக்கு வயது வந்துவிட்டது. தவிர அதில் நண்பனே கொல்லக் கூட்டிப்போகிறான், அது சின்னதுகளுக்குக் கொஞ்சம் கனமான சமாச்சாரம்.

நான்கு வயதுக்கு எனக்குப் பிடித்த முதல் கதை மலாய், இந்தோனேசியப் பக்கத்துச் சருகுமான் கதை. அங்கே அதற்கு சாங் கஞ்சில் என்று பெயர், அந்தப் பக்கத்துக் கதைகளில் தந்திரக்காரன் பெரும்பாலும் இவன்தான். நிஜத்தில் முயல் அளவே இருக்கிற குட்டிப் பிராணி. ஆற்றுக்கு அக்கரையில் பழம், ஆறு நிறைய முதலை. "ராஜா உங்களுக்கு விருந்து வைக்கப் போகிறார், எத்தனை பேர் என்று எண்ணி வரச் சொன்னார், வரிசையாக நில்லுங்கள்!" என்று கத்துகிறது. முதலைகள் கரைக்குக் கரை வரிசை கட்டுகின்றன, அது ஒவ்வொன்றின் முதுகிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே தாவி அக்கரை சேர்ந்துவிடுகிறது. குழந்தையைத் தலையணை மேல் தாவ விட்டு எண்ணச் சொல்லுங்கள், அன்றைக்குத் தூக்கம் போச்சு, அது வேறு. எப்படியும் ஒரு கேள்வி வரும்: கடைசியில் ராஜாவிடம் எண்ணிக்கையைச் சொன்னதா?

இதே கதை ஜப்பானில் 712இல் தொகுக்கப்பட்ட கோஜிகி என்கிற பழங்கதை நூலில் இருக்கிறது, ஆனால் முடிவு கசப்பு. இனாபா என்கிற பகுதியின் முயல் அப்படியே கடல் பிராணிகளை (சுறா என்று பலரும் சொல்கிறார்கள்) எண்ணிக்கொண்டு தாவி வருகிறது, கடைசித் தாவலுக்கு முன்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் "ஏமாந்தீர்களா!" என்று பீற்றிக்கொள்கிறது, கடைசியாக நின்றது பிடித்துத் தோலை உரித்துவிடுகிறது. அப்புறம் ஒரு நல்லவர் வந்து வைத்தியம் சொல்கிறார். சின்னதுகளுக்குத் தோல் உரிப்பதை நான் ரோமம் பிய்ந்தது என்று மாற்றிக்கொள்வேன், பீற்றிக்கொண்டதை மட்டும் விடமாட்டேன்.

சாவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சிங்கத்தை உயிரோடு மீட்டு மன்னிப்புக் கேட்க வைக்கிற பதிப்புகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும், மறுநாளும் அது வந்து தின்னுமே என்று குழந்தைக்குக் கவலையாகிவிடும். தொப்பென்று விழுந்தது, அதோடு சரி. பயமுறுத்துவது சாவைவிட அதன் வர்ணனைதான்.

பஞ்சதந்திரத்தை மட்டும் முதல் பக்கத்திலிருந்து வரிசையாக ஆரம்பித்துவிடாதீர்கள். மூன்று ராஜகுமாரர்களுக்கு விஷ்ணுசர்மா ராஜநீதி சொல்லித் தருகிறார் என்பதுதான் அந்தப் புத்தகத்தின் ஏற்பாடு, அவர்கள் பாலர் வகுப்புப் பிள்ளைகள் இல்லை. முதல் தந்திரத்தில், அதாவது முதல் பகுதியில், தமனகன் என்கிற நரி கோள் மூட்டி, சிங்கத்தை அதன் நண்பனான காளையையே கொல்ல வைத்துவிடுகிறது, தண்டனையும் இல்லாமல் தப்பிக்கிறது. எட்டுத் திக்கிலும் தந்திரம் பலித்துக்கொண்டே இருக்கிற கதைகளுக்கு நடுவே, தந்திரக்காரனே மாட்டிக்கொள்கிற கதைகளையும் கலந்து சொல்வது நல்லது. நீலச் சாயத்தில் விழுந்து ராஜாவான நரி மற்ற நரிகளின் ஊளையைக் கேட்டதும் தன்னை மறந்து ஊளையிட்டு மாட்டுகிறதே, அது ஒன்று. கானா நாட்டு அனன்சி என்கிற சிலந்தி இன்னொன்று: உலகத்து அறிவை எல்லாம் ஒரு பானையில் அடைத்து, வயிற்றில் கட்டிக்கொண்டு மரமேறப் பார்க்கிறது, பானை இடிக்கிறது, ஏற முடியவில்லை. கீழே நின்ற அதன் சின்னப் பையன் "முதுகில் கட்டிக்கொண்டால் ஏறலாமே அப்பா" என்கிறான். இதற்குக் குழந்தைகள் சிரிக்கிற சிரிப்பே தனி.

முடிந்ததும் இதிலிருந்து என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்காதீர்கள், பரீட்சை ஆகிவிடும். குழந்தை உங்களிடம் தந்திரத்தை ஒருமுறை சோதித்துப் பார்க்கும், "அப்பா பின்னால் யானை!" என்று சொல்லிவிட்டு பிஸ்கட்டை எடுக்கும். கதையே கேட்காத பிள்ளையும் அந்த வயதில் பொய் சொல்லிப் பார்க்கத்தான் செய்கிறது. ஒருமுறை திரும்பிப் பாருங்கள், அடுத்த தடவை பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டே "யானை எங்கே?" என்று கேளுங்கள்.

உங்கள் நான்கு வயதுக்குச் சருகுமானில் ஆரம்பியுங்கள், பிறகு கிணற்றுச் சிங்கம், அதற்கப்புறம் அனன்சியின் பானை. குரங்கின் இதயம் மரத்திலேயே இன்னும் கொஞ்ச நாள் தொங்கட்டும்.