பதினோரு பாயின்ட் வேணாம் ஐயா, அந்த 200 ரூபா போதும்

கேள்வி: எனக்கு 74 வயசு. ஊர்ல போஸ்ட்மேனா இருந்து ரிட்டயர் ஆகி இப்ப சென்னையில பையன் வீட்டுல இருக்கேன். 1977-லேர்ந்து ஒரு எலக்‌ஷன் விடாம ஓட்டு போட்டவன். நாட்டு அரசியலை சரி பண்ண 11 பாயின்ட் எழுதி வச்சிருக்கேன். எம்.பி.க்கு டிகிரி கட்டாயம், 65 வயசுக்கு மேல சீட் கூடாது, கட்சி மாறினா பதவி போகணும், இலவசம் ஒழியணும், இப்படி. வீட்டுல வாயைத் தொறந்தா காலேஜ் படிக்கிற பேரன் செல்லை எடுத்துக்கிட்டு ரூமுக்குள்ள போயிடறான். இதையெல்லாம் எங்க சொல்றது?

பதில்: ஐயா, நீங்க எழுதி அனுப்பின நாலு பக்கத்தையும் படிச்சேன், கையெழுத்து முத்து முத்தா இருக்கு. ஆனா பேரன் மேலயும் ரொம்ப தப்பு சொல்ல முடியல, 11 பாயின்ட்டையும் ஒரே மூச்சுல கேட்டா யாரா இருந்தாலும் செல்லைத் தேடத்தான் செய்வாங்க.

டிகிரின்னு பார்த்தா ஹைஸ்கூலே முடிக்காத காமராஜர் கதி என்ன? வயசு விஷயம் இன்னும் வேடிக்கை, நீங்க மொத ஓட்டு போட்ட அதே 1977-லதான் மொரார்ஜி 81 வயசுல பிரதமரானாரு. கட்சித் தாவலுக்கு 1985-லயே சட்டம் வந்தாச்சு, 2003-ல இன்னும் கொஞ்சம் இறுக்கினாங்க, ஆனாலும் மூணுல ரெண்டு பங்கு பேர் சேர்ந்து இன்னொரு கட்சியோட இணைஞ்சா பதவி போகாது, பாயின்ட்டை அந்த ஓட்டை மேல எழுதுங்க. இலவசம் பத்தி நான் பேசல, மாசம் 10 இலவச சீனியர் டோக்கன்ல பஸ்ல போறேன்னு மொத பக்கத்துல நீங்களே எழுதியிருக்கீங்க!

என்னை நிறுத்தினது நாலாவது பக்கம் கடைசி ரெண்டு வரிதான். ஓ.ஏ.பி. (முதியோர் பென்ஷன்) மணியார்டர் கொண்டு போனா பாட்டிங்க திண்ணையில உக்காந்து ரேகை வச்சுட்டு, நோட்டை ரெண்டு தடவை எண்ணி, முந்தானையில முடிஞ்சுக்குவாங்கன்னு எழுதியிருக்கீங்களே. 11 பாயின்ட்ல அது இல்ல, சும்மா ஞாபகத்துக்கு எழுதினது மாதிரி இருக்கு. அதுதான் ஐயா உங்க பாயின்ட்.

மத்திய அரசு முதியோர் பென்ஷனை 1995-ல 75 ரூபான்னு ஆரம்பிச்சு 2006 வாக்குல 200 ஆக்கினாங்க. 80 தாண்டினவங்களுக்கு மட்டும் அப்புறம் 500 ஆச்சு, மத்தவங்களுக்கு அந்த 200 அங்கயே நின்னு போச்சு. தமிழ்நாட்டுல 2023-ல 1200 ஆனப்பகூட ஏறினது மாநிலம் போடற பங்குதான், டெல்லி பங்கு அதே 200. ஏத்தணும்னு நாடாளுமன்ற நிலைக்குழுவே பல தடவை சொல்லிருச்சு. கட்சி சண்டையில பத்தோட பதினொண்ணா ஒரு கருத்து சொல்றவரா இல்லாம, அந்தப் பணத்தை கையில கொடுத்தவரா நீங்க பேசினா அது வேற மாதிரி கேக்கும்.

ஒரே பக்கம் எழுதுங்க, உங்க தொகுதி எம்.பி.க்கு ஒரு காப்பி. லோக்சபாவுல மனுக்கள் குழுன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கும் போடலாம், தமிழ்லயே எழுதலாம், ஆனா கூடவே இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வச்சு அதுலயும் கையெழுத்து போட்டிருக்கணும். இங்கதான் பேரன் வரான். அரசியல் பேச கூப்பிடாதீங்க, "இதை இங்கிலீஷ்ல டைப் பண்ணிக் கொடுடா"ன்னு மட்டும் கேளுங்க, அந்த முந்தானை வரியை எப்படி மாத்தறதுன்னு அவனே வந்து உங்ககிட்ட சந்தேகம் கேப்பான், அப்ப பேசிக்கலாம்.

கவர் மேல அட்ரஸ் எழுத உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா. ரிஜிஸ்டர் போஸ்ட்டைத்தான் 2025-ல ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்க, அது உங்களுக்கு தனி வருத்தமா இருக்கும், அதை 12-வது பாயின்ட்டா ஆக்கிடாதீங்க.